பெட்டிக்குள் எத்தனை ஆர்பிஎம்? 8 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், நாலு வருசப் பாவனைக்குப் பிறகு

நிலாவெளியில் இருக்கிற மச்சான் போன கிழமை கேட்டான்: "நீ வச்சிருக்கிற அதே 8 டிபியை நானும் எடுக்கட்டா? விலை குறைஞ்சிருக்கு." எடு என்று உடனே வாயில் வரவில்லை. இத்தனைக்கும் ஒருநாளும் கைவிடாத சாமான். கோணேசர் கோயில் திருவிழா, கலியாண வீடு என்று நான் எடுத்த வீடியோ முழுக்க அதில்தான் கிடக்கிறது.

என் கோபம் அது வந்த அட்டைப் பெட்டியில். கொள்ளளவு, யூஎஸ்பி 3.0, உத்தரவாதம் எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே தட்டு என்ன வேகத்தில் சுற்றுகிறது (ஆர்பிஎம், அதாவது நிமிசத்துக்கு எத்தனை சுற்று) என்று மட்டும் இல்லை. கடைக்காரத் தம்பி பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "5400ஆத்தான் இருக்கும் அண்ணா" என்றான். வீட்டில் பூட்டிப் பார்த்தால், டிஸ்க்கின் விவரம் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளும் 5400 என்றது. வேகம் குறைந்தால் சூடும் குறைவு என்று நம்பி அலுமாரித் தட்டுக்குள் வைத்தேன்.

கச்சான் காற்றுக் காலத்தில் சூடு 56 பாகைக்கு ஏறியது. சந்தேகம் வந்து, ஓர் இரவு ஃபேனை நிறுத்திவிட்டு, ஒலியின் அதிர்வெண் காட்டும் செயலியோடு போனை டிஸ்க்கின் மேல் வைத்தேன். 5400 என்றால் செக்கனுக்கு 90 சுற்று. 90 ஹேர்ட்ஸில் கோடு எழும்ப வேண்டும். எழும்பியது 120இல். அது 7200! எங்கள் கரண்டின் இரைச்சல் 50இலும் 100இலும்தான் வரும், ஆகவே அதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றினேன். கோடு மெல்ல மெல்லக் கீழே வழுக்கி மறைந்தது.

2020இல் இதே விசயம் வெளியே வந்தபோது, வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனிக்காரர், தாங்கள் விவரத்தில் போட்ட "5400 வகுப்பு" என்றால் செயல்திறனின் வகுப்பு, சுழலும் வேகம் அல்ல என்று விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது ஏமாற்றுத்தான். வேகம் கூடினது லாபம்தான், மறுக்கவில்லை: தட்டு சுற்றி வரக் காத்திருக்கும் சராசரி நேரம் 5.6 மில்லிசெக்கனிலிருந்து 4.2க்கு இறங்குகிறது. ஆனால் சூட்டைச் சுமப்பது என் டிஸ்க், திருகோணமலை வெக்கையில்.

கொப்பி பண்ணும் வேகத்தை வைத்து ஊகிக்கவும் முடியாது. தரவு நெருக்கமாக எழுதப்பட்ட புது 5400, பழைய 7200ஐ முந்திவிடும். யூஎஸ்பி கரண்டிலேயே ஓடும் சின்ன 2.5 அங்குலம் என்றால் பெரும்பாலும் 5400தான், அதில் இந்தத் தலையிடி இல்லை.

மச்சானுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். என்னுடையதை நான் விற்கப் போவதில்லை. இப்போது அது அலுமாரிக்கு வெளியே, மேசையில், ஃபேனுக்கு நேரே இருக்கிறது.