லஞ்சம் எங்கே ஒழிந்தது, எங்கே ஒழியவில்லை: ஒரு சென்னைவாசியின் பல ஆண்டு அனுபவம்

வில்லிவாக்கத்தில் சொந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து வரி, சான்றிதழ், பெயர் மாற்றம் என்று ஏதாவது ஒரு வேலையாக அரசு அலுவலகங்களோடு உறவு நீடிக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நிறைய மாறியிருக்கிறது, மாற வேண்டியதும் நிறைய இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சென்னை மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழை இன்று இணையத்திலேயே கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். சொத்து வரியையும் இணையத்திலேயே கட்டிவிடலாம். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாள்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு. தெருவிளக்கு எரியாவிட்டால் 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்கிறேன். இவை எதற்கும் நான் யாரையும் 'கவனித்தது' கிடையாது. கவனிப்பதற்கு நடுவில் ஆளே இல்லை என்பதுதான் காரணம்.

நேரில் வந்து பார்த்து ஓர் அலுவலர் கையெழுத்திட வேண்டும் என்ற இடத்தில்தான் கதை வேறு. ஓர் அலுவலகத்தில் நான் கொடுத்த மனு மாதக்கணக்கில் அசையவில்லை. வாசலில் நின்ற இடைத்தரகர், "பார்த்துச் செய்யுங்கள் சார், நாளைக்கே முடிந்துவிடும்" என்றார். உள்ளே கிடக்கும் என் கோப்பின் நிலவரம் முழுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமூட்டியது.

பணம் கொடுக்காமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, மூன்றே கேள்விகள்: என் மனு எந்தெந்தத் தேதியில் யாரிடம் இருந்தது? இதை முடிக்க விதிப்படி எத்தனை நாள்? கோப்பில் எழுதிய குறிப்புகளின் நகல் கிடைக்குமா? பதில் வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. 30 நாளில் பதில் தராத தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் அபராதம் விதிக்கலாம். அது அவர் சொந்தப் பணம். கோப்பு நகர்ந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தகவல் கேட்டு மிரட்டித்தான் சேவை பெற வேண்டுமா? எழுதத் தெரியாத என் பக்கத்து வீட்டுப் பாட்டி என்ன செய்வார்? அரசுச் சேவையைக் குறித்த கெடுவுக்குள் தந்தாக வேண்டும் என்னும் சேவை பெறும் உரிமைச் சட்டத்தை 2010-இல் மத்தியப் பிரதேசம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கர்நாடகமும் கொண்டுவந்தது. கர்நாடகத்தில் கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், 500 ரூபாய் வரை மனுதாரருக்கு இழப்பீடு. அதைத் தாமதப்படுத்திய அலுவலரிடமிருந்தே வசூலிக்க வழியுண்டு. தொகை சிறியதுதான், ஆனால் யாரால் தாமதம் என்று பெயரோடு பதிவாகிறதே! தமிழ்நாட்டுக்கும் இது கட்டாயம் வேண்டும்.

2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, விண்ணப்பிப்பவரே விவரங்களுக்கு உறுதியளிக்கும் சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்தது. சரியான திசை இதுதான். பெயர் மாற்றத்தையும் இதே வழிக்குக் கொண்டுவரலாம்.

அதுவரை, எந்த மனுவையும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கொடுக்காதீர்கள். கையில் தேதியிட்ட சீட்டு இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும்.