இந்த ஜூனா, அடுத்த ஜூனா?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு இந்த ஆண்டே விண்ணப்பிப்பதா, மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பதா என்பதுதான் கேள்வி. அங்கே எம்.டி. (டாக்டராவதற்கான பட்டம்) படிப்புக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தை மே கடைசியிலிருந்து அனுப்பலாம். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வரப் பரிசீலிப்பதால் முந்துபவருக்கு லாபம். ஆனால் விண்ணப்பத்தில் உள்ள மதிப்பெண்களை ஆம்காஸ் சரிபார்த்து முடித்தபின் வாங்கும் மதிப்பெண், அது கணக்கிடும் ஜி.பி.ஏ.வில் (4.0-க்கு எவ்வளவு என்ற சராசரி மதிப்பெண்) ஏறாது, கல்லூரிகளுக்குத் தனியாகத்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

ஓராண்டு பொறுத்தால் அதுவும் கணக்கில் வரும். அதிசயமெல்லாம் நடக்காது: 100 கிரெடிட்டில் (பாடத்தின் எடையைக் காட்டும் அலகு) 3.2 வைத்திருப்பவர் அடுத்த 30-இல் முழு 4.0 எடுத்தாலும் 3.38தான். திரும்பப் படித்த பாடத்தின் பழைய மதிப்பெண்ணும் கூடவே நிற்கும். ஆனால் ஏறுமுகம் கண்ணில் படும்.

3.7 பக்கம் இருந்தால் இப்போதே அனுப்புங்கள். 3.3-க்குக் கீழே என்றால் காத்திருக்கவே சொல்வேன். இரண்டுங்கெட்டானாக செப்டம்பரில் அனுப்புவதுதான் மோசம்.