பெயர் போட்ட நம்பர் பிளேட்: பிரிட்டனில் வாங்கி ஓட்டியதில் தெரிந்தவை

பிரிட்டனில் பிரைவேட் பிளேட், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் கார் நம்பர், வாங்குவது பத்து நிமிட வேலை. நம்பரைத் தேடி, கார்டு விவரத்தைத் தட்டினால் முடிந்தது. சிக்கல் எல்லாம் பிறகுதான் வரும்: காரை விற்கும்போது, லீஸ் முடியும்போது, விபத்தில் கார் ஒன்றுமில்லாமல் போகும்போது. நம்பர் எப்போதும் ஸ்வான்சியில் இருக்கும் அரசு வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வின் கையில்தான் இருக்கிறது. நாம் காசு கொடுப்பது அதை ஒரு வண்டியில் மாட்டிக்கொள்ளும் உரிமைக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகள் பாதி தானாகவே விளங்கிவிடும்.

முதலில் நம்பரின் அமைப்பு. 2001 செப்டம்பர் முதல் வருபவை இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மூன்று எழுத்து. 1983 முதல் 2001 வரை முன்னால் ஓர் ஆண்டெழுத்து, பிறகு ஒன்று முதல் மூன்று இலக்கம், கடைசியில் மூன்று எழுத்து. 1963 முதல் 1983 வரை இதையே திருப்பிப் போட்ட அமைப்பு. அதற்கும் முந்தியவற்றில் ஆண்டே கிடையாது. வட அயர்லாந்து நம்பர்களிலும் கிடையாது. அவற்றை ஐ அல்லது இசட் எழுத்தை வைத்து அடையாளம் காணலாம். காரின் வயதை மறைக்க மட்டும் நினைப்பவர்களுக்கு மலிவான வழி அந்த வட அயர்லாந்து நம்பர்கள்தான்.

தமிழ்ப் பெயர்களுக்குக் கைகொடுப்பது 1983–2001 அமைப்பு. ராஜன் என்றால் ஆர், 4, பிறகு ஜே, ஏ, என். சிவன் என்றால் எஸ், 1, பிறகு வி, ஏ, என். நம் பெயர்களில் ஏ என்ற எழுத்து கொட்டிக் கிடப்பதால் 4-க்குத்தான் கிராக்கி. 1 ஐ ஆகும், 12 ஆர் ஆகும், 13 பி ஆகும். ஆனால் ஐ, ஓ, கியூ, யு, இசட் ஆகியவை ஆண்டெழுத்தாக வந்ததே இல்லை. இளங்கோவும் உமாவும் வேறு அமைப்பில்தான் தேட வேண்டும். ஞானசம்பந்தன்களுக்கு இனிஷியல்தான் கதி.

ஒரு விதி மட்டும் அசையாது: கார் உள்ளதைவிடப் புதியதாகத் தெரியும்படி நம்பர் போட முடியாது. 2023-இல் பதிவான காருக்கு, 2024-ஐக் குறிக்கும் 24 என்று வரும் நம்பர் கிடைக்காது. பழையதாகக் காட்டுவதற்குத் தடையில்லை. கியூ எழுத்தில் பதிவான வண்டிக்குப் பிரைவேட் நம்பர் அறவே கிடையாது.

விலைக்கு வருவோம். டி.வி.எல்.ஏ.வின் சொந்தத் தளத்தில் 250 பவுண்டிலிருந்து நம்பர்கள் இருக்கின்றன. வாட் வரியும் 80 பவுண்டு பதிவுக் கட்டணமும் அதற்குள் அடக்கம். ஏலத்தில் கணக்கு வேறு. சுத்தியல் விலை (ஏலம் முடியும் விலை) 1,000 பவுண்டு என்றால் அதன் மேல் வாட் 200, வாங்குபவர் கமிஷன் 8 சதவீதமாக 80, அந்தக் கமிஷனுக்கு வாட் 16, பதிவுக் கட்டணம் 80. ஆக மொத்தம் 1,376. ஆயிரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கை தூக்குபவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். (25 ஓ என்ற நம்பர் 2014-இல் 5 லட்சம் பவுண்டைத் தாண்டிப் போனது. பெராரி 250 காருக்காக. அவர்கள் கவலை வேறு.)

தனியார் டீலர் தளங்களில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பட்டியலில் இருப்பவற்றில் நிறைய டி.வி.எல்.ஏ.விடம் இன்னும் விற்காமல் கிடப்பவைதான், மேலே லாபம் வைத்து. காட்டும் விலையில் வாட்டும் 80 பவுண்டும் சேராமலும் இருக்கலாம். பிடித்த நம்பரை முதலில் அரசுத் தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் மட்டுமே டீலர்.

காகிதம் இரண்டு வகை. டி.வி.எல்.ஏ.விடம் புதிதாக வாங்கினால் வருவது வி750. ஏற்கெனவே ஒரு காரில் இருந்து கழற்றி வைத்த நம்பர் என்றால் வி778. இரண்டிலும் உரிமையாளர் ஒருவர், நியமனப் பெயர் (யார் காரில் ஏறுமோ அவர் பெயர்) இன்னொன்று என்று இருக்கலாம். மகளின் 17-ஆவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் கவனிக்க: காரில் ஏற்றாதவரை உரிமை உங்களுடையது, ஏற்றிய நொடியில் அது லாக்புக்கில் (காரின் பதிவு ஆவணம்) யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் போய்விடும். பிறகு அவர் காரோடு சேர்த்து விற்றாலும் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

ஏற்றுவது இலவசம், ஆன்லைனிலேயே முடியும். வி5சி லாக்புக்கில் உள்ள 11 இலக்க ஆவண எண்ணும், வி750 அல்லது வி778-உம் வேண்டும். காரில் ஏற்கெனவே ஒரு பிரைவேட் நம்பர் இருந்தால், அதைக் கழற்றி வி778 ஆக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். மேலேயே ஏற்றினால் பழையதன் உரிமை போய்விடக்கூடும்.

வரிசை முக்கியம். முதலில் பிளேட்டைச் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். வி750 அல்லது வி778-ஐக் காட்டினால் பதிவு பெற்ற கடைக்காரர் செய்து தருவார். போட்டோ அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார். ஒன்றும் கேட்காமல் ‘ஷோ பிளேட்’ என்று விற்கிறவரிடம் வாங்கியது சாலைக்கு ஆகாது. அடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லித் தேதியைக் குறியுங்கள். அதற்குப் பிறகு ஆன்லைனில் ஏற்றுங்கள். புது நம்பர் உடனே அமலுக்கு வரும். அதன் பிறகு பழைய பிளேட்டோடு கடை வரைகூட ஓட்டக்கூடாது. இன்சூரன்ஸ் தகவல் தொகுப்பில் புது நம்பர் ஏறாமல் இருந்தால் போலீஸ் கேமராவுக்கு அது இன்சூரன்ஸ் இல்லாத கார். நடுரோட்டில் நிறுத்திக் கேட்பார்கள். எனவே தொகுப்பில் ஏறிவிட்டதா என்று நீங்களே தேடிப் பார்த்துவிட்டு ஓட்டுவது நல்லது.

பிளேட்டின் அளவுகள்தான் பலருக்கும் ஏமாற்றம் தருவது. எழுத்தின் உயரம் 79 மி.மீ., அகலம் 50, கோட்டின் தடிமன் 14. எழுத்துக்கு எழுத்து இடைவெளி 11, இரண்டு தொகுதிகளுக்கு நடுவே 33, ஓரங்களில் 11. விற்பனைத் தளம் பெயரைச் சேர்த்து எழுதி மயக்கும். காரில் ஆர்4 ஒரு பக்கம், ஜே.ஏ.என். ஒரு பக்கம் என்று 33 மி.மீ. விலகித்தான் நிற்கும். அந்த இடைவெளியைக் குறைத்தாலோ, திருகாணியை வைத்து 1-ஐ வேறு எழுத்தாகக் காட்டினாலோ 1,000 பவுண்டு வரை அபராதம், எம்.ஓ.டி. எனும் வருடாந்தர வாகனச் சோதனையில் தோல்வி. தொடர்ந்தால் நம்பரையே பறிக்க டி.வி.எல்.ஏ.வுக்கு அதிகாரம் இருக்கிறது. வாங்குமுன் காகிதத்தில் இந்த அளவுக்கு வரைந்து பாருங்கள். அப்படியும் பெயராகப் படிக்க வந்தால் வாங்கலாம்.

குட்டைப் பிளேட் சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். அளவும் ஓரமும் சரியாக இருந்தால் தவறில்லை. ஐந்தெழுத்து நம்பருக்குக் கணக்கு இது: ஐந்து எழுத்து 250, உள் இடைவெளிகள் மூன்று 33, நடு இடைவெளி 33, ஓரங்கள் 22, ஆக 338 மி.மீ. அதில் 1 இருந்தால் அதன் அகலம் 14 மட்டுமே, எனவே 302 போதும். ஆனால் பம்பரில் இருக்கும் பள்ளம் வழக்கமான 520 × 111 பிளேட்டுக்குச் செய்தது. குட்டையானதை மாட்டினால் இரண்டு பக்கமும் பழைய துளைகள் பல்லிளிக்கும். முழு அளவுப் பிளேட்டே பார்க்க லட்சணம்.

2021 செப்டம்பர் 1 முதல் மாட்டும் பிளேட்டுகள் பி.எஸ். ஏ.யு. 145இ தரத்தில் இருக்க வேண்டும். எழுத்து முழுக் கறுப்பு. சாம்பல் நிழலடித்தது கூடாது. கீழே கடைக்காரரின் பெயரும் அஞ்சல் குறியீடும் இருக்கும். 4டி என்று சொல்லப்படும் ஒட்டிய அக்ரிலிக் எழுத்துகள் தரத்துக்கு உட்பட்டால் செல்லும். ஆனால் பிரஷர் வாஷரில் ஓர் எழுத்து பறந்தால் அந்தப் பிளேட் முழுதும் வீண். தட்டையான அச்சுப் பிளேட்தான் வருடக்கணக்கில் உழைக்கிறது. இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டையைக் குளிரில் ஒட்டினால் பிடிக்காது. மெழுகு பூசிய பம்பரானால் முதலில் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். திருடர்கள் இருக்கும் பகுதியானால் பூட்டுத் திருகாணி போடுங்கள்.

மாற்றிய பிறகு சொல்ல வேண்டிய இடங்கள் நினைப்பதைவிட அதிகம். லண்டனில் சாலைக் கட்டணம் தானாகக் கழியும் ஆட்டோ பே கணக்கு, டார்ட்ஃபோர்டு பாலக் கட்டணக் கணக்கு, கவுன்சில் பார்க்கிங் பெர்மிட், பார்க்கிங் ஆப்கள், பிரேக்டவுன் சேவை, வேலையிடத்துக் கார் பார்க். புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் போடும் யூலெஸ் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுதும் இருக்கிறது. பழைய நம்பர் கணக்கில் கிடந்தால் கட்டணம் தானாகக் கழியாது, அபராதக் கடிதம்தான் வரும். பிரான்ஸுக்கு ஓட்டிப் போகிறவர்களுக்கு இன்னொரு வேலை: வண்டியின் புகைத் தரத்தைக் காட்டும் அந்நாட்டு கிரிட் ஏர் ஸ்டிக்கரில் கார் நம்பர் அச்சாகியிருக்கும், எனவே புதிதாக வாங்க வேண்டும். புது லாக்புக் தபாலில் வரும்வரை அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அன்றாடத்தில் உறுத்துவது 1-உம் 0-உம்தான். பிரிட்டிஷ் பிளேட் எழுத்துருவில் 1-க்கும் ஐ எழுத்துக்கும், பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் வித்தியாசமே இல்லை. கார் பார்க் திரையில் வீட்டில் ஒருவர் பெயரைப் படிப்பதுபோலவே தட்டிவிடுவார். இரண்டு வாரத்தில் பார்க்கிங் நோட்டீஸ் வரும். ஓர் எழுத்துப் பிழை என்று ரசீதோடு மேல்முறையீடு செய்தால் பெரும்பாலும் தள்ளுபடியாகும், இருந்தாலும் எரிச்சல்தான். ஆப்பில் ஒருமுறை சரியாகச் சேமித்து வைத்துவிடுங்கள். மற்றது, உங்கள் கார் எங்கே நின்றாலும் தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள். சிலருக்கு அதுதான் ஆசையே.

இனி, ஆரம்பத்தில் சொன்ன சிக்கலான இடம். காரை விற்பதற்கு முன் நம்பரைக் கழற்றுங்கள். ஆன்லைனில் 80 பவுண்டு. கார் வரி கட்டியதாகவோ, சாலையில் ஓட்டவில்லை என்று சார்ன் அறிவித்ததாகவோ இருக்க வேண்டும். பெரும்பாலும் அதன் பழைய நம்பரே திரும்ப வரும், எனவே பழைய பிளேட்டுகளைக் கராஜில் பத்திரமாக வைத்திருங்கள். புது லாக்புக் கைக்கு வந்த பிறகே சாவியைக் கொடுங்கள். நம்பரோடு கார் கைமாறினால் அந்த நம்பர் வாங்கியவருடையது. பேசி மீட்பது அவர் மனதைப் பொறுத்தது.

லீஸ் கார் என்றால் லாக்புக்கில் இருப்பது லீஸ் கம்பெனி பெயர். ஏற்றும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கழற்றுவதும் அவர்கள் விண்ணப்பிக்க வேண்டிய வேலை, கட்டணம் கேட்பதும் உண்டு. முடிவில் காரைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய பி.சி.பி. தவணைக் கடனில் லாக்புக்கில் உங்கள் பெயரே இருக்கும் என்பதால் எளிது. ஆனாலும் காரைத் திருப்பிக் கொடுக்கும் தேதிக்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

மோசமானது விபத்து. கார் இனிச் சரிசெய்ய லாயக்கில்லை என்று ரைட்-ஆஃப் ஆகி, நீங்கள் இன்சூரன்ஸ் பணத்தை ஏற்றுக்கொண்டால் கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும், நம்பரும் கூடவே போகும். முதல் போனிலேயே நம்பர் எனக்கு வேண்டும் என்று சொல்லி, செட்டில்மென்ட்டுக்கு முன் கழற்ற விண்ணப்பியுங்கள். நேரம் கடந்துவிட்டால், நம்பரில் தங்களுக்கு அக்கறை இல்லை என்று கம்பெனியிடம் கடிதம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். நம்பரின் விலை சாதாரண கார் பாலிசியில் சேராது.

கழற்றிய நம்பர் வி778-இல் 10 ஆண்டு நிற்கும். முடிவதற்கு 28 நாள் இருக்கும்போதிருந்து புதுப்பிக்கலாம், இலவசம். தவறவிட்டால் உரிமை போய்விடும். தேதியைப் போன் காலண்டரில் போட்டு வையுங்கள். வீடு மாறினால் டி.வி.எல்.ஏ.வில் வண்டி முகவரியோடு இந்தக் காகிதத்தின் முகவரியையும் தனியாக மாற்றுங்கள்.