குழாயில் இருந்தது பெரும்பாலும் ஆர்என்ஏ: பிளாஸ்மிட் தயாரிப்புச் சேவை பற்றி ஓர் எச்சரிக்கை

பிளாஸ்மிட் டிஎன்ஏவை (பாக்டீரியாவுக்குள் பெருகும் வட்ட வடிவ டிஎன்ஏவை) வெளியில் கொடுத்துத் தயாரித்து வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், ஆர்டரை உறுதி செய்வதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆய்வகம் இந்த விவகாரத்தில் ஏழு வாரங்களை இழந்தது. நாங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறோம் என்பது புரியவே அதில் ஐந்து வாரங்கள் போய்விட்டன. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே முறையில் வேறு யாரும் ஏமாற்றலாம் என்பதால், ஏமாற்று எப்படி நடந்தது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுக்குத் தேவைப்பட்டது, பச்சை ஒளிர்புரத்தின் மரபணுவைத் தாங்கிய 6.2 கிலோபேஸ் நீளமுள்ள பிளாஸ்மிட், 1 மில்லிகிராம். அதைச் செலுத்தவிருந்தது திசுவிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்து வளர்த்த முதன்மைச் செல்களில். இத்தகைய செல்கள் எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சுப்பொருளைத் தாங்குவதில்லை. சில முறை பிரித்து வளர்த்ததும் பெருகுவதையும் நிறுத்திவிடும். ஆய்வகத்தில் அன்றாடம் பயன்படுத்தும் சிறிய சிலிக்கா காலம் (column, டிஎன்ஏவைப் பிடித்துவைத்துக் கழுவும் குழல்) ஒன்றில் அதிகம் போனால் 20 மைக்ரோகிராம் அளவுக்கே டிஎன்ஏ கிடைக்கும், பிளாஸ்மிட்டை வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் எண்டோடாக்சினை அது முழுதாக நீக்குவதும் இல்லை. ஆகவே, அயனிப் பரிமாற்ற காலம் வழியாகச் சுத்திகரித்து, எண்டோடாக்சின் நீக்கி, ஆய்வறிக்கையுடன் தருவதாக உறுதியளித்த ஒரு சேவைக்கு எங்கள் கிளிசரால் ஸ்டாக்கை (பிளாஸ்மிட்டைத் தாங்கிய, உறைய வைத்த பாக்டீரியாவை) அனுப்பினோம்.

குழாய்கள் குளிர்ச்சி குறையாமல், சொன்ன நாளில் வந்தன. அறிக்கையில் செறிவு மைக்ரோலிட்டருக்கு 1,000 நானோகிராம் என்றும், 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டர் ஒளிகளை மாதிரி உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 2.04 என்றும், அதன் எதிரே "1.8க்கு மேல்: தேர்ச்சி" என்றும் இருந்தது. கூடவே, டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஒரு ஜெல் படமும் இருந்தது. நான் ஒரு மைக்ரோலிட்டர் எடுத்து ஒளி உறிஞ்சலை அளக்கும் எங்கள் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்தேன். 1,012 என்று காட்டியது. அவர்கள் எழுதியதும் நாங்கள் அளந்ததும் ஒத்துப்போனதால், மேற்கொண்டு எதையும் பார்க்காமல் பரிசோதனையைத் தொடங்கிவிட்டோம். செய்திருக்கக் கூடாத தவறு அதுதான்.

அந்தக் கருவி டிஎன்ஏவை மட்டும் தனியே அளப்பதில்லை. 260 நானோமீட்டர் ஒளியை டிஎன்ஏ உறிஞ்சுகிறது, பாக்டீரியாவிலிருந்து கூடவே வரும் ஆர்என்ஏ உறிஞ்சுகிறது, தனித்தனியாக உதிர்ந்து கிடக்கும் நியூக்ளியோடைடுகளும் உறிஞ்சுகின்றன. கருவி எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. உறிஞ்சல் 1 என்றால் இரட்டை இழை டிஎன்ஏவுக்கு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், ஆர்என்ஏவுக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் என்று கணக்கு. டிஎன்ஏ என்ற தேர்வில் வைத்து அளந்தால், உள்ளே இருக்கும் ஆர்என்ஏ முழுவதும் டிஎன்ஏ என்ற பெயரிலேயே கணக்கில் ஏறிவிடும். விகிதத்தின் கதையும் இதுதான். சுத்தமான டிஎன்ஏவுக்கு அது 1.8 அளவில் இருக்கும், சுத்தமான ஆர்என்ஏவுக்கு 2.0 அளவில் இருக்கும். கீழ் எல்லையை மட்டும் குறித்துவிட்டு மேல் எல்லையைக் குறிக்காமல் விட்ட அறிக்கையில், ஆர்என்ஏ எவ்வளவு அதிகமாகக் கலந்திருக்கிறதோ அவ்வளவு நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

மூன்று முறை செல்களில் செலுத்திப் பார்த்தோம். ஒளிர்ந்த செல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவை சுருங்கித் தட்டிலிருந்து கழன்று மிதந்தன. டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் கொழுப்புக் கரைசலின் விகிதத்தை மாற்றினோம், ஊடகத்தை மாற்றினோம், செல்களின் அடர்த்தியைக் கூட்டிப் பார்த்தோம். என்னோடு பணிபுரியும் ஆய்வு மாணவி தன் கைப்பிழைதான் காரணம் என்று நம்பி, இரவு வெகுநேரம் வரை இருந்து ஒவ்வொரு படியையும் திரும்பச் செய்துகொண்டிருந்தார். இந்த விவகாரத்தில் என்னை மிகவும் வருத்துவது அதுதான்.

பிறகுதான் ஜெல் ஓட்டினோம். 1 சதவீத அகரோஸில், அறிக்கையின் செறிவை நம்பி 500 நானோகிராம் எனக் கணக்கிட்டு அவர்களது மாதிரியை ஒரு கிணற்றில் இட்டோம்; அடுத்த கிணற்றில், எங்களிடம் முன்பே இருந்த அதே பிளாஸ்மிட்டின் சிறு தயாரிப்பிலிருந்து 500 நானோகிராம் இட்டோம். புறஊதா ஒளியில் எங்கள் லேனில் (மாதிரி ஓடும் தடத்தில்) சூப்பர்காயில் பட்டை, அதாவது இறுக முறுக்கிய பிளாஸ்மிட்டின் பட்டை, தடித்து, பளிச்சென்று தெரிந்தது. அவர்களது லேனில் அதே உயரத்தில் நூல் போல ஒரு கோடு மட்டுமே தெரிந்தது. ஆனால் ஜெல்லின் அடிப்பகுதியில், நீலச் சாயம் ஓடி நின்ற இடத்தையும் தாண்டி, லேனின் அகலம் முழுவதும் வெள்ளைப் புகைபோல ஒரு திட்டு படர்ந்திருந்தது. துண்டுபட்ட ஆர்என்ஏவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் திட்டை அடையாளம் காண இரண்டாவது முறை பார்க்க வேண்டியதில்லை.

அப்போது அவர்கள் அனுப்பிய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர்கள் குறிப்பிட்டிருந்த லேடரையேதான் (நீளம் தெரிந்த டிஎன்ஏ துண்டுகளாலான அளவுகோலை) நாங்களும் பயன்படுத்துகிறோம். அதில் 1,000 பேஸ் பட்டைக்குக் கீழே 750, 500, 250 என்று இன்னும் மூன்று பட்டைகள் உண்டு. அவர்களது படம் 1,000 பேஸ் பட்டையோடு நின்றுவிட்டது. ஆர்என்ஏ தெரிந்திருக்க வேண்டிய பகுதி அப்படியே வெட்டப்பட்டிருந்தது. மிச்சமிருந்த பகுதியில் வெளிச்சத்தைக் கூட்டி, மெல்லிய கோட்டையும் தடித்த பட்டையாகத் தெரிய வைத்திருந்தார்கள். அதுவரை இதைக் கவனக்குறைவு என்று எண்ணியிருந்த நான், அந்த நொடியிலிருந்து அப்படி எண்ணவில்லை.

இரட்டை இழை டிஎன்ஏவோடு மட்டும் சேர்ந்து ஒளிரும் சாயத்தைக் கொண்டு ஃபுளோரோமீட்டரில் அளந்தபோது மைக்ரோலிட்டருக்கு 168 நானோகிராம் என்று வந்தது. 1 மில்லிகிராம் என்று வாங்கியதில் உண்மையான பிளாஸ்மிட் 170 மைக்ரோகிராமுக்கும் குறைவு. ஒவ்வொரு முறையும் செல்களுக்கு நாங்கள் கொடுத்தது, கொடுப்பதாக நினைத்ததில் ஆறில் ஒரு பங்கு.

நிறுவனத்தின் பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. நாங்கள் குழாயைப் பலமுறை உறைய வைத்து உருக்கியதால் கெட்டுவிட்டது என்றார்கள் முதலில். உறைய வைத்தால் சூப்பர்காயில் டிஎன்ஏ கொஞ்சம் அறுபடலாம், இல்லாத ஆர்என்ஏ புதிதாக முளைக்காது. எங்கள் பாக்டீரியா இனத்தில் குறை இருக்கலாம் என்றார்கள் அடுத்து. அதே கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து வளர்த்து, பிர்ன்பாயிமும் டோலியும் 1979இல் வெளியிட்ட காரச் சிதைவு முறையிலேயே, முதல் கரைசலில் ஆர்என்ஏவைத் துண்டாக்கும் ஆர்என்ஏஸ் நொதி சேர்த்து, காரக் கரைசலை ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் நாங்களே தயாரித்து ஜெல் ஓட்டினோம். அடியில் புகைத்திட்டு எதுவும் இல்லை. கடைசியாகத் தொலைபேசியில் அவர்களது தொழில்நுட்பப் பிரிவினர் சொன்னது இது: "ஆர்என்ஏஸ் சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள் மேடம், எல்லாம் சரியாகிவிடும்."

தயவுசெய்து இந்த ஆலோசனையை ஏற்று அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். ஆர்என்ஏஸ் ஆர்என்ஏவைத் துண்டாக்கும், அகற்றாது. ஜெல்லில் திட்டு மறைந்துவிடும். ஆனால் உதிர்ந்த நியூக்ளியோடைடுகள் குழாயிலேயே இருந்து 260இல் ஒளியை உறிஞ்சிக்கொண்டிருக்கும் என்பதால், கருவி காட்டும் எண் குறையாது, சற்றுக் கூடவும் செய்யலாம். மறுபடி காலத்தில் ஏற்றிக் கழுவினால் ஒழிய உண்மையான செறிவு தெரியாது. கழுவிய பின்னும் டிஎன்ஏ கூடப்போவதில்லை.

எண்டோடாக்சின் அறிக்கையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அதில் சோதனை நடந்ததாகக் குறிப்பிட்டிருந்த தேதி, எங்கள் ஸ்டாக் அவர்களிடம் போய்ச் சேர்ந்த தேதிக்கு இரண்டு நாள் முந்தையது. இதைச் சுட்டிக்காட்டி அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருவதாக மட்டும் வேறொரு மின்னஞ்சல் வந்தது. மறுத்துவிட்டோம்.

ஆர்டர் கொடுத்தே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்கள், கிணறு முதல் அடிவிளிம்பு வரை வெட்டாத ஜெல் படமும், ஃபுளோரோமீட்டர் அளவீடும் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ஸ்டாக்கை அனுப்புங்கள். அந்த எழுத்தைத் தரத் தயங்குபவர்களிடம் கொடுக்காதீர்கள். இப்போதே ஃப்ரீசரில் அப்படி வந்த குழாய் இருந்தால், செல்களை எடுக்கும் முன் அதில் 500 நானோகிராம் எடுத்து, நன்கு தெரிந்த ஒரு தயாரிப்போடு பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். சாயம் ஜெல்லின் அடிவிளிம்பை நெருங்கும் முன்பே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஓட்டினால் சாயத்துக்கு முன்னால் ஓடும், பார்க்க வேண்டிய திட்டு வெளியேறிவிடும். எங்களுக்கு வந்த குழாய்களில் இரண்டைத் திறக்காமல், பெற்ற தேதி எழுதி, அறிக்கையின் மூலப்பிரதியோடு பாதுகாத்து வைத்திருக்கிறோம். பணத்தைத் திரும்பக் கேட்டுக் கொடுத்திருக்கும் புகாரின் விசாரணைக்கு அவை தேவைப்படும்.