வீகன்னு செலக்ட் பண்ணா தேன் ஊத்தச் சொல்ற டயட் ஆப், 5க்கு 3 ஸ்டார்

தாவர உணவுக்கு மாறிப் பாக்கலாம்னு ஒரு டயட் ஆப் இறக்கி ஒரு மாசம் ஓட்டியாச்சு, பேரு வேணாம். மொத ஸ்கிரீன்லயே "நீங்க எந்த வகை?"னு கேட்டு வரிசையா பட்டன், லேக்டோ, ஓவோ, லேக்டோ ஓவோ, வீகன், பெஸ்கடேரியன், ஃப்ளெக்ஸிடேரியன்னு, எனக்கு தலை சுத்திடுச்சு.

ஆனா இந்த எடத்துல ஆப்ப பாராட்டியே ஆகணும், பட்டன அமுக்கிப் பிடிச்சா ரெண்டே வரில விளக்கம் வருது. லேக்டோன்னா பால் ஓகே முட்டை நோ, ஓவோ அப்படியே உல்டா, பெஸ்கடேரியன் மீன் சாப்பிடுவாங்க, ஃப்ளெக்ஸி ஆளுங்க பெரும்பாலும் காய்கறி எப்பவாவது கறி. வீகன்ங்கற வார்த்தையே 1944ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சன் குரூப் பாலும் முட்டையும் கூட வேணாம்னவங்களுக்காக உண்டாக்கினதாம், அதுவும் அங்கயே போட்டிருக்கு.

சரி வீகன்னு அமுக்கினேன். மூணாவது நாள் காலைல ஓட்ஸ் மேல ஒரு ஸ்பூன் தேன் ஊத்திக்கோங்கன்னு வருது. தேனீ என்ன செடியா?? அப்புறம் வைட்டமின் டி3 மாத்திரை எடுக்கச் சொல்லுச்சு, டி3 நெறைய பிராண்ட்ல ஆட்டு ரோமத்துல இருக்கற லானோலின்ல இருந்துதான் செய்றாங்க, பாறை, மரத்துல பாசி மாதிரி படர்ற லைக்கன்ல இருந்து எடுத்ததும் கிடைக்குது, அத பாத்து வாங்குங்கன்னு ஒரு வார்த்தை போட்டா என்ன கொறைஞ்சிடும்.

இன்னொரு கடுப்பு, வீகனையும் ஹோல் ஃபுட் பிளான்ட் பேஸ்டையும் ஒரே பட்டன்ல போட்டு வச்சிருக்காங்க. உருளை சிப்ஸும் கோலாவும் வீகன்தான், பச்சை டிக் விழுது, ஆனா ஹோல் ஃபுட்காரங்க அத தொட மாட்டாங்க, அவங்களுக்கு முழு தானியம், பருப்பு, காய், பழம், கொட்டைன்னு முடிஞ்சவரை அப்படியே இருக்கணும். நானும் பச்சை டிக்க நம்பி ஒரு வாரம் சிப்ஸா தின்னு தீர்த்தேன், அது என் தப்புதான்.

பருப்பு கீரைக்கு பக்கத்துல "எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, சாப்பிட்ட கையோட டீ வேணாம்"னு குறிப்பு வருது பாருங்க, அது சூப்பர், இரும்புச்சத்து உடம்புல சேர அதுதான் வழி. ஆனா வீகனுக்கு முக்கியமான வைட்டமின் பி12 பத்தின குறிப்பு எங்க இருக்கு தெரியுமா, செட்டிங்ஸ்ல நாலாவது பக்கத்துல! பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேணும், செடில நம்பி எடுக்கற அளவுக்கு கிடையாது, மாத்திரையோ பி12 சேர்த்த சாப்பாடோதான்.

தேன் விஷயத்த சப்போர்ட்டுக்கு எழுதினேன், "பிடிக்கலைன்னா நீக்கிக்கலாம்"னு பதில். பி12க்கு நானே போன்ல அலாரம் வச்சுக்கிட்டேன்.