பாதுகாவலர் சான்று: ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு

நண்பர் ஒருவரின் மகளுக்கு அடுத்த மாதம் 18 வயது நிறைகிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்காகப் பெற்றோர் சட்டப்படி கையெழுத்திட உதவும் பாதுகாவலர் சான்றை வாங்கத்தான் வேண்டுமா என்று நேற்று மாலை கேட்டார். அன்று காலைதான் மாவட்ட அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தேன். சரியாகப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

எங்கள் மகனுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. 18 வயதைக் கடந்தவனுக்காகக் கையெழுத்திட, பெற்றவர்கள் என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர்க் குழு நம்மை நியமிக்க வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, நீதிமன்றப் படியேற வேண்டியதுமில்லை. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது குழு கூட வேண்டும் என்பது சட்டம். எங்கள் மனுவுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. ஆனாலும் கூட்டத்தன்று மாற்றுத்திறனாளி உறுப்பினர் எங்களை விட்டுவிட்டு நேரே அவனிடம், "உன் பணத்தை அப்பா பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். அவன் யோசித்து, "டீ காசு மட்டும் என்கிட்ட" என்றான். யாரும் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். அந்த ஒன்பது மாதக் கோபம் அங்கேயே தீர்ந்தது.

வங்கியில் நீதிமன்ற உத்தரவு கேட்டார்கள். உள்ளூர்க் குழுவின் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007இல் அனுப்பிய சுற்றறிக்கையைக் காட்டியதும் வேலை முடிந்தது. நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

என் எரிச்சல் ஆண்டுக் கணக்கில்தான். நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் பாதுகாவலர் வரவு செலவைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். சொத்துள்ள பிள்ளைகளை உறவினரே ஏமாற்றுவதுண்டு என்பதால் கணக்குக் கேட்பது நியாயம். என் மகனின் சொத்து, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையில் மிஞ்சியது. அதையும் டீ காசு வரை எழுதி, உறையிலிட்டு, ஒவ்வொரு ஜூனிலும் கொடுத்து வருகிறேன். நேற்று எழுத்தர் கோப்பைப் பிரித்தபோது சென்ற ஆண்டின் உறை உள்ளே இருந்தது. நான் ஒட்டிய பசை அப்படியே இருந்தது.

இதில் என் உழைப்பு வீணானது சிறிய விஷயம், பெரியது வேறு. குழந்தைகளின் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் 18 வயதோடு நின்றுவிடுகிறது; அதற்குப் பிறகு என் மகனைப் போன்றவர்கள் பகலில் போக எங்கள் ஊரில் ஓர் இடமில்லை. பகல்நேரப் பராமரிப்பு மையம் கேட்டு பெற்றோர் சிலர் நகராட்சியில் மனுக் கொடுத்தோம். இத்தகையோர் எத்தனை பேர் என்ற விவரம் இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை என்று பதில் வந்தது. விவரமா இல்லை? யாருக்கு என்ன குறைபாடு, வயதென்ன, பாதுகாவலர் யார் என்பதெல்லாம் அதே ஊரில், குழுவின் அலமாரியில் தூங்குகிறது. எனக்கு 61, மனைவிக்கு 57 என்பதும் அதில் இருக்கிறது. எங்களுக்குப் பின் யார் என்று திட்டமிட வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கெடுப்பு எங்கே கிடைக்கும்?

நண்பரிடம் நேற்று, "வேண்டாம், வீண் அலைச்சல்" என்று சொல்லிவிட்டேன். அது தவறு, மனுவை இந்த வாரமே கொடுக்கச் சொல்லி இன்று காலை பேசினேன். ஆனால் இந்த நடைமுறைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான், மாற்ற மாட்டேன். அடுத்த ஜூனில் உறையை ஒட்டாமல் கொடுக்கப் போகிறேன்.