மூன்று வருடம் சூடாக்கி இழுத்த பிறகு

கீழக்கரையிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போனபோது எனக்கு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். 2020-இல் அறையில் கூட இருந்தவர் புகையிலையைச் சூடாக்கும் கருவியைக் காட்டினார். அன்று பிடித்ததுதான், மூன்று வருடம் விடவில்லை.

சிகரெட்டை இழுக்கும்போது அதன் நுனி 800, 900 டிகிரி வரை போகும். தாரும் கார்பன் மோனாக்சைடும் பெரும்பாலும் அந்த எரிதலில் வருபவை. என் கருவியில் ஒரு மெல்லிய தகடு சிகரெட் மாதிரியான புகையிலைக் குச்சிக்குள் நுழைந்து 350 டிகிரி வரைதான் சூடாக்கும். சாம்பல் கிடையாது. ஆறு நிமிடம் அல்லது 14 இழுப்பு, தானாகவே நின்றுவிடும். முதல் வாரம் சோளம் தீய்ந்த வாசம் குமட்டியது, அப்புறம் பழகிவிட்டது. இரண்டு மாதத்தில் காலைச் சளியும் இருமலும் நன்றாகக் குறைந்தன. இதை மறைக்க மாட்டேன்.

ஆனால் பஞ்சுக்குச்சியால் தகட்டைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் கறுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டி வரும். எரியாத புகையிலையிலும் இவ்வளவு இருக்கிறதே என்று மனசு உறுத்தும். நிகோடினும் குறையவில்லை. சிகரெட்டுக்கு நாலு மாடி இறங்க வேண்டும். இதைக் கட்டிலில் படுத்தபடியே இழுத்தேன், எண்ணிக்கை கூடியது. டீக்குத் துணையாக இரண்டு சிகரெட்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அங்கேதான் தவறினேன். அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஜூலையில் இப்படி ஒரு கருவிக்கு, 'முழுவதுமாக மாறினால்' நச்சுப் பொருள்கள் உடலில் சேர்வது குறையும் என்று சொல்லிக்கொள்ள மட்டும் அனுமதித்தது. நோய் குறையும் என்று சொல்ல அனுமதிக்கவில்லை. நான் முழுவதுமாக மாறவே இல்லை.

2023-இல் ஊர் திரும்பினேன். இங்கே 2019 மின்சிகரெட் தடைச் சட்டப்படி இறக்குமதி, விற்பனை எல்லாமே தடை, சூடாக்கும் கருவியும் அதில் அடக்கம். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வந்ததும் சிகரெட் திரும்பியது. சங்கு குளிக்கும் மச்சானோடு ஒருநாள் கடலில் இறங்கினேன், உடனே மேலே வந்துவிட்டேன். "மூச்சே நிக்கலியே மாப்ள" என்றார். அவர் முகத்தில் தெரிந்த கவலை என்னை உலுக்கிவிட்டது.

புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற அரசு இலவச எண்ணில் பேசினேன். 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம்மைக் கொஞ்சம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி, மூன்று மாதம் ஓட்டினேன். இப்போது அதுவும் இல்லை.

வளைகுடாவில் இருக்கும் தம்பிகள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். சிகரெட்டை விடவே முடியாதவர் அதை முழுசாக விட்டுவிட்டு இதற்கு மாறட்டும், இதையும் விடுகிற தேதியை அன்றே குறித்துக்கொள்ளட்டும். புகைக்காதவர் தொடவே வேண்டாம்.